கிளிஞ்சல் மண்ணில் நின்ற கன்று

முத்தமிழுக்கு எலுமிச்சையின் மேல் முதலில் தனிப் பிரியம் எதுவும் இருந்ததில்லை. விழிதியூரில் அவர்களுடையது நெல் போட்ட குடும்பம். அப்பா வைத்தியலிங்கம் மின்துறையில் லைன்மேனாக வேலை பார்த்துக்கொண்டே குறுவையும் தாளடியும் பார்த்தவர். கம்பம் ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துபோய் ஓய்வு பெற்ற வருஷம், கொல்லைக்குப் பின்னால் இருந்த நிலத்தில் இனி நெல் கிடையாது, எலுமிச்சைதான் என்று அறிவித்தார். சேற்றில் இறங்க வேண்டாம், ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நட்டுவிட்டால் காய் தன் பாட்டுக்கு வரும் என்பது அவர் எண்ணம். ஐப்பசி கார்த்திகையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் களிமண்ணில் எலுமிச்சையா என்று ஊரில் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் சொன்னபடிதான் முதலில் நடந்தது. விதைபோட்டு வளர்த்த கன்றுகள் காய்ப்புக்கு வரும் நேரத்தில் கஜா புயல் அடித்தது. காற்றுக்குத் தப்பிய மரங்கள், பிறகு தேங்கிய தண்ணீருக்குத் தப்பவில்லை. அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. தை பிறப்பதற்குள் முக்கால்வாசி மரங்கள் நின்ற இடத்திலேயே காய்ந்தன.

அப்போது முத்தமிழ் எம்.எஸ்சி. முடித்திருந்தாள். அவள்தான் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"ஒட்டுக்கன்னு வாங்குங்கப்பா. மேல நம்ம எலுமிச்ச, கீழ வேரு வேற செடி. மூணு மூணு எலையா இருக்குற ஒரு ஆரஞ்சு சாதி இருக்கு. அதுக்கு இந்த அழுகல் நோய் வராது."

வைத்தியலிங்கம் மகள் சொன்னதை அப்படியே கேட்டார். வெளியூர் நாற்றங்காலுக்குப் போய், அந்த மூவிலை ஆரஞ்சின் கலப்பு இனத்தை அடிக்கன்றாக வைத்து ஒட்டிய கன்றுகளையே பொறுக்கி எடுத்துவந்தார். அதோடு நிற்காமல் தாமாகவும் ஒன்று செய்தார். தண்ணீர் தேங்கியதால்தானே போயிற்று என்று நிலத்தை மேடாக்க லாரியில் மண் அடித்தார். கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் ஒரு கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டிய மண், பொலபொலவென்று இருந்தது, கையில் எடுத்தால் ஒட்டவே இல்லை. களிமண்ணோடு வாழ்நாள் முழுக்கப் போராடிய மனிதருக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. முத்தமிழ் அப்போது முனைவர் பட்டத்துக்குச் சேரும் அலைச்சலில் இருந்தாள். மேடாக்கிய செய்தியை அம்மா சொர்ணாம்பாள் போனில் சொன்னபோது, நல்லதுதானே என்று அவளும் சொல்லிவிட்டாள். என்ன மண் என்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் வருஷம் கன்றுகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. நாற்றங்கால் பையில் வந்த மண்ணைத் தாண்டி வேர் வெளியே வரும்வரை அவற்றுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாம் வருஷத்துச் சித்திரையில் விட்ட கொழுந்து மஞ்சளாக வந்தது. இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. வலையை விரித்துப் போட்டது போல ஒவ்வோர் இலையிலும் பச்சைக் கோடுகள். வைத்தியலிங்கம் யூரியா போட்டார். அடுத்த கொழுந்து இன்னும் வெளுத்தது. டி.ஏ.பி. போட்டார். அதற்கடுத்தது ஏறக்குறைய வெள்ளையாகவே வந்து, ஓரம் கருகி உதிர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தமிழ் தோட்டத்துக்குள் போய் ஒரு கொழுந்தைக் கையில் பிடித்தாள். பிடித்ததும் தெரிந்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினாள். நகக்கண்ணில் ஏதோ கீறியது. பொடிப்பொடியாக உடைந்த கிளிஞ்சல். இன்னொரு இடத்தில் கிளறினாள். அங்கும் அதுதான்.

"எந்த ஊரு மண்ணுப்பா இது?"

"கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் எடுத்ததும்மா. நல்ல வடிகாலு."

வீட்டுக்குள் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்துவந்தாள். கடையில் வாங்கிய பழம். ஒரு கைப்பிடி மண்ணின் மேல் பிழிந்தாள். சோடா போலச் சுருசுருவென்று நுரைத்தது. வைத்தியலிங்கம் குனிந்து பார்த்தார்.

"என்னத்துக்குப் பொங்குது?"

"சுண்ணாம்புப்பா. மண்ணு பூராவும் சுண்ணாம்பு. மரத்துக்கு இரும்புச் சத்து கெடைக்கல."

"மண்ணுல இரும்பு இல்லியா?"

"இருக்கு. வேண்டிய மட்டும் இருக்கு. சுண்ணாம்பு அதக் கட்டிப் போட்டுருக்கு. வேரால எடுக்க முடியல."

வைத்தியலிங்கம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மத்த செடியெல்லாம் கிளிஞ்சல் மண்ணுல மொளைக்கலியா? கடலோரம் காடா மண்டிக் கெடக்குதே" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் முத்தமிழ் அடுத்த சில வருஷங்களை முழுக்கச் செலவழித்தாள் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்ததை அவருடைய தொழிலை வைத்தே சொன்னாள். இரும்பு குறைந்தால் வேர் சும்மா இருப்பதில்லை. மண்ணில் அமிலத்தைக் கசியவிட்டுச் சுண்ணாம்பைக் கரைக்க ஒரு மரபணு இருக்கிறது. கரைந்த இரும்பை எடுக்கத் தோதாக மாற்ற ஒன்று. உள்ளே இழுக்கும் கதவுக்கு ஒன்று. இவை எல்லா எலுமிச்சை இனத்திலும் இருக்கின்றன. ஆனால் அவை தாமாக வேலை செய்வதில்லை. அவற்றை முடுக்கிவிட மேலே வேறு சில மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒழுங்கி என்று பெயர்.

"வீட்டுக்கு வீடு ஒயரிங்கு இருக்கு, பல்பு இருக்கு. ட்ரான்ஸ்பார்மர்ல ஹேண்டில ஏத்த ஆளு வரலன்னா?"

"இருட்டுதான்."

"அந்த ஹேண்டில ஏத்துற ஆளுதான்பா ஒழுங்கி. நாட்டுக் காட்டெலுமிச்சையில அந்த ஆளு உடனே வந்துடுறான். நம்ம மரத்துக்குக் கீழ நிக்குற வேருல லேட்டா வர்றான். வந்தாலும் பாதிதான் ஏத்துறான்."

"அப்ப அந்தக் காட்டெலுமிச்சையவே வேரா வச்சிருக்கலாமே?"

"அது தண்ணி நின்னா அழுகிடும்பா."

இந்த வேரைத் தேர்ந்தெடுத்தது மகள், இந்த மண்ணை அடித்தது தாம் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. வேறு மண்ணில் அந்த வேர் பிழைத்திருக்கும். இந்த மண்ணில் வேறு வேர் பிழைத்திருக்கலாம். இரண்டும் சேர்ந்ததுதான் வினையாகிவிட்டது. அதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

செய்ய முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள். அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்து இலையில் தெளித்தால் தெளித்த இடம் மட்டும் பொட்டுப் பொட்டாகப் பச்சை பிடித்தது. அடுத்த கொழுந்து பழையபடி மஞ்சள். கந்தகம் போட்டார்கள், தொழுவுரம் கொட்டினார்கள், கிளிஞ்சல் எல்லாவற்றையும் தின்று தீர்த்தது. சுண்ணாம்பு மண்ணிலும் இரும்பை வேருக்கு எட்டும்படி கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் சிவப்புப் பொடி ஒன்றைக் கடையில் வரவழைத்து வேரில் ஊற்றியபோது மரம் நிஜமாகவே பச்சையானது. ஆனால் அதை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் உண்டு. அத்தனை மரத்துக்கும் காலமெல்லாம் ஊற்றக் கட்டுப்படியாகாது. கொஞ்சம் காட்டெலுமிச்சை ஒட்டும் வாங்கி நட்டார்கள். மழைக்காலத்தில் அடியிலிருந்த களிமண்ணில் நீர் ஊறி, அவை பிசின் வடித்துச் செத்தன.

நெடுங்காடு போகும் சாலையில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் ஷஃபீனா மேடம் எலுமிச்சை இனங்களின் இரும்புக் குறை பற்றி ஒரு திட்டம் தொடங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், முத்தமிழ் தன் பழைய ஆய்வுத் தலைப்பை விட்டுவிட்டு அங்கே போய் நின்றாள். ஷஃபீனா காரைக்கால்காரர். கறாரானவர், ஆனால் குரல் உயர்த்தாதவர். "ஏன் தலைப்ப மாத்துற?" என்று கேட்டார். "எங்க வீட்டுத் தோட்டம் மேடம்" என்றாள் முத்தமிழ். "தோட்டத்துக்காக வராத. ஆராய்ச்சி யாருக்கும் தவண சொல்லாது" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னது பின்னால்தான் புரிந்தது. காட்டெலுமிச்சை நாற்றையும் மூவிலை நாற்றையும் இரும்பில்லாத சத்துநீரில் வளர்த்து, வேர் நுனியை நறுக்கி, எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்று பார்ப்பதிலேயே காலம் ஓடிற்று. காட்டெலுமிச்சையில் இரும்பு குறைந்த மறுநாளே தலைதூக்கும் ஓர் ஒழுங்கியைக் கண்டுபிடித்தார்கள். மூவிலையிலும் அதே ஒழுங்கி இருந்தது, ஆனால் சோம்பிக் கிடந்தது. காட்டெலுமிச்சையினுடையதை எடுத்து மூவிலையின் திசுவுக்குள் ஏற்றினார்கள். குடுவை குடுவையாகத் திசு அழுகியது. அழுகாதது முளைக்கவில்லை. முளைத்ததில் பலவற்றில் அந்த மரபணு போய்ச் சேரவே இல்லை. சேர்ந்தவற்றிலும் சில குட்டையாக, சுருண்ட இலையோடு, பார்க்கவே பரிதாபமாக வந்தன.

கடைசியில் தேறி நின்றது ஒரே ஒரு வகை. அதிலிருந்து கொஞ்சம் கன்றுகள் பெருக்கினார்கள். அவற்றைச் சுண்ணாம்பு மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தபோது, முத்தமிழ் விழிதியூரிலிருந்து இரண்டு சாக்கு மண்ணை ஸ்கூட்டியின் முன்னால் வைத்து ஓட்டி வந்தாள். அப்பாவின் மண். ஒரு வரிசைத் தொட்டியில் சாதாரண மூவிலைக் கன்று, பக்கத்து வரிசையில் ஒழுங்கி ஏற்றிய கன்று. சாதாரண வரிசை கொல்லையில் பார்த்தது போலவே வெளுத்தது. பக்கத்து வரிசை வெளுக்கவில்லை. அடுத்த கொழுந்து வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பச்சையாகவே வந்தன.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வைத்தியலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமல் எழுந்து வந்தார்.

"நம்ம மண்ணுலயா?"

"நம்ம மண்ணுலதான்பா. நான்தான அள்ளிட்டுப் போனேன்."

"எப்ப கொண்டாருவ?"

முத்தமிழின் முகம் மாறியதை அவர் கவனிக்கவில்லை. சொர்ணாம்பாள் கவனித்தாள்.

"அது வெளிய வர முடியாதுப்பா. மரபணு மாத்துன செடி. கண்ணாடிக் கூடத்துக்குள்ளதான் இருக்கணும். வெளிய நடணும்னா அதுக்குன்னு மேல குழு இருக்கு, பெர்மிஷன் வாங்கணும், சோதனை பண்ணணும். ரொம்ப வருஷம் ஆவும்."

"ஆவட்டும்" என்றார் வைத்தியலிங்கம். அவருக்கு அது ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது போல ஒரு தாமதம்தான் என்று பட்டது. "வரும்ல?"

அவள் பதில் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் மரங்களை விடாப்பிடியாகப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கு முன் பாதி மனதோடு விட்டுவிட்டிருந்த அன்னபேதித் தெளிப்பை மறுபடி தொடங்கினார். அவருடைய சட்டைகளிலெல்லாம் துருக்கறை. காலையில் டீக்கடையில், "எம் பொண்ணு வேரு கண்டுபுடிச்சிருக்கா. பழைய மரத்துக்குப் பக்கத்துல அந்தக் கன்ன நட்டு, தண்டோட தண்ட ஒட்டிக் கட்டிட்டா, மரத்த வெட்டவே வேணாம், புது வேருல சாப்புட்டுக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டும் முறை அவராகவே யூட்யூப் பார்த்துக் கற்றது. அது சரியான முறைதான். அதுதான் முத்தமிழுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பங்குனி மாதம் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல் ஆய்வு நிலையத்துக்கே வந்துவிட்டார். கையில் வயர்கூடை. வாசலில் உட்காரவைத்துவிட்டுக் காவலாளி உள்ளே வந்து சொன்னான். ஷஃபீனா மேடம் அவரைக் கூட்டிவரச் சொல்லி, நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்.

"பாக்கணும்னா வெளிய நின்னு பாருங்கப்பா. உள்ள விட எனக்கு அதிகாரம் இல்ல."

கண்ணாடிக் கூடத்துக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். முத்தமிழ் உள்ளே போய், தொட்டி ஒன்றைக் கண்ணாடியோரம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள். வைத்தியலிங்கம் கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து பார்த்தார். தொட்டிக்குள் அவருக்குத் தெரிந்த மண். வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல் துணுக்கு. அதில் ஒரு முழ உயரத்துக் கன்று, மூன்று மூன்றாக இலை, கரும்பச்சை.

நெடுநேரம் பார்த்தார். மேடம் தம் அறைக்குப் போன பிறகு, வயர்கூடையை மகள் பக்கம் நகர்த்தினார். உள்ளே நனைத்த சணல் துணி, பாலிதீன் பை, ஒட்டுக்கட்டும் கத்தி.

"ஒரே ஒரு போத்து பாப்பா. பேனா நீளம் இருந்தா போதும். நான் வேருவிட வச்சிக்கிறேன்."

"அப்பா..."

"யாருக்குத் தெரியப் போவுது? நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீங்க ஏற்கெனவே டீக்கடையில சொல்லிட்டீங்க."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. "மரமெல்லாம் சாவுது. ஒனக்குத் தெரியும்ல? இந்த மழைக்கு மேல தாங்காது. மருந்த கையில வச்சிக்கிட்டு குடுக்க மாட்டேங்குறியே."

அன்றைக்கு முத்தமிழின் கையில் கத்தரிக்கோலும் இருந்தது, கதவுச் சாவியும் இருந்தது. ஒரு போத்து நறுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தான் அதைப் பல தடவை மனதுக்குள் செய்து பார்த்திருந்ததையும் அப்பாவிடம் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொன்னாள்.

"ரூலு மட்டும் இல்லப்பா. வேருல நாங்க தொறந்து வச்சிருக்குற கதவு இரும்ப மட்டும் பாத்து உள்ள விடாது. மண்ணுல வேற உலோகம் இருந்தா அதுவும் சேந்து ஏறும். ஏறுறது காயில வந்து நிக்குதா, சாப்புடலாமா, எதுவும் நாங்க இன்னும் பாக்கல. அதுக்குக் காய்க்கணும். காய்க்கிற வரைக்கும் வளக்க எங்களுக்குக் காலம் குடுக்கல. தெரியாத ஒண்ண நான் எப்படி ஒங்க கையில குடுப்பேன்?"

"நான்தான சாப்புடப் போறேன்."

"சந்தைக்குப் போடுவீங்கப்பா."

வைத்தியலிங்கம் கூடையை எடுத்துக்கொண்டார். டீ பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பஸ் நிறுத்தம் வரை கூட வருகிறேன் என்று அவள் சொன்னதற்குக் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, முழங்கால் வலியோடு மெல்ல நடந்து போனார். அவள் வாசலிலேயே நின்றாள்.

வீட்டில் அன்று சொர்ணாம்பாள்தான் பேசினாள். திட்டவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "நீ படிச்ச படிப்பு எங்களுக்கு ஒதவலன்னு நான் சொல்லலடி. அந்தாளு மனச விட்டுட்டுத்தான் இருந்தாரு. இருக்குன்னு காட்டிட்டு இல்லங்குறியே, அதத்தான் அவரால தாங்க முடியல."

முத்தமிழ் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள்.

திட்டம் முடியும் காலம் நெருங்கியது. நீட்டிப்புக்கு எழுதியிருந்தார்கள். முத்தமிழ் அதில் எல்லா நம்பிக்கையையும் வைத்திருந்தாள். காய்ப்புக்கு வரும்வரை கன்றுகளை வைத்துக்கொள்ள அனுமதி, உலோகச் சோதனை, பிறகு வேலி போட்ட சிறு நிலத்தில் ஒரு சோதனை நடவு என்று எல்லாம் எழுதி அனுப்பியிருந்தார்கள். முன்னுரிமை வேறு துறைக்கு மாறிவிட்டது, நீட்டிக்க இயலவில்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஷஃபீனா மேடம் மூன்று இடத்துக்குப் போனார், யார் யாரிடமோ பேசினார். எங்கும் பலிக்கவில்லை.

"பேப்பர் வந்துடும் முத்தமிழ். கண்டது கண்டதுதான். அத யாரும் அழிக்க முடியாது" என்றார்.

"கன்னு மேடம்?"

"தெரிஞ்சதுதானே."

திட்டம் முடிந்தால் மரபணு மாற்றிய செடிகளை வைத்திருக்க முடியாது. குழுவிலிருந்து ஒருவர் வந்து முன்னால் நின்று பார்க்க, அழிக்க வேண்டும். வந்தவர் நல்ல மனிதர். சங்கடத்தோடுதான் நின்றார். வேலையைச் செய்ய வேண்டியவள் முத்தமிழ். ஒவ்வொரு கன்றாக வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, துண்டு துண்டாக நறுக்கிப் பையில் போட்டாள். நறுக்கும்போது எலுமிச்சை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. பிறகு அந்தப் பைகள் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனுக்குள் போயின. வெளியே எடுத்தபோது உள்ளே இருந்தது பழுப்பாக வெந்துபோயிருந்தது. தொட்டி மண்ணையும் அப்படியே வேகவைத்தார்கள். உறைபெட்டியில் ஒரு சிறு குழாயில் அந்த ஒழுங்கியின் மரபணு ஒரு துளியாக இருந்தது. அதை வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து மறுபடி ஒரு கன்று வரவேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்ல வேலைம்மா. ரொம்ப நல்ல வேலை" என்றார். முத்தமிழ் தலையாட்டினாள். கையுறையைக் கழற்றிய பிறகும் விரலில் அந்த வாசனை இருந்தது.

வீட்டில் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. வைத்தியலிங்கம் தோட்டத்தில் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை பம்பு அடிப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்பா."

"ஒன் கையாலயா?"

"ம்."

அவர் அந்த மரத்துக்குத் தெளித்து முடித்தார். அடுத்த மரத்துக்குப் போனார். அதன் ஒரு பக்கக் கிளைகள் முழுக்கக் காய்ந்திருந்தன. அதையும் நனைத்தார். பிறகு ஸ்பிரேயரைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அவர் அன்னபேதி வாங்கவில்லை.

கட்டுரை வெளிவந்தது. முத்தமிழ் அதை அச்செடுத்து வந்து மேசையில் வைத்தாள். வைத்தியலிங்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் மகள் பெயரைத் தடவிப் பார்த்தார். உள்ளே புரட்டி, பச்சைக் கன்றும் வெளுத்த கன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த படத்தைக் கண்டார்.

"இதுல நம்ம மண்ணுன்னு போட்டுருக்கா?"

"காரைக்கால் சுண்ணாம்பு மண்ணுன்னு போட்டுருக்குப்பா."

"சரி" என்று மூடிவைத்தார்.

அந்த மழைக்கு மேல் தாங்காது என்று அவர் சொன்னது தவறவில்லை. ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டே வந்து, மாசி பங்குனியில் உயிரோடு இருந்தவை கையில் எண்ணும்படி ஆயின. வைத்தியலிங்கமே ஜே.சி.பி.க்குச் சொன்னார். வண்டி வந்த அன்று முத்தமிழ் வீட்டில் இருந்தாள். இரும்புக் கை மரத்தை அலுங்காமல் தூக்கிப் போட்டது. அவ்வளவு லேசாக வந்தது.

அவள் போய் ஒரு மரத்தின் வேரைப் பிடித்துப் பார்த்தாள். பழுப்பு வேர்களுக்கு நடுவே சில நுனிகள் தடித்து, அடர்த்தியாக ரோமம் விட்டிருந்தன. இரும்புக்குத் தவிக்கும் வேர் அப்படித்தான் தடிக்கும். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அப்படியானால் இந்த மரத்துக்குள்ளும் ஒழுங்கி எழுந்திருக்கிறது, ஆணையிட்டிருக்கிறது. வேரும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்திருக்கிறது. போதவில்லை.

"என்ன பாப்பா பாக்குற?"

"வேருப்பா."

"அதுல என்ன இருக்கு இனிமே?"

சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "ஒண்ணுமில்லப்பா" என்று கீழே போட்டாள்.

முத்தமிழ் இப்போது காரைக்காலில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாள். முதலாண்டு மாணவிகளுக்கு வேர், தண்டு, இலை நடத்துகிறாள். ஷஃபீனா மேடம் எங்கெங்கோ புதிய திட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். வந்தால் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதுவரை கூப்பிடவில்லை.

கொல்லை நிலத்தில் எதுவும் நடவில்லை. மண்ணை வெட்டி எடுத்துப் போக முடியுமா என்று வைத்தியலிங்கம் லாரிக்காரரிடம் கேட்டுப் பார்த்தார். எங்காவது மனை தூர்க்க வேண்டிவந்தால் பார்க்கலாம் என்றார் அவர். மழை பெய்ததும் அந்த மேட்டில் புல் மண்டியது. கரும்பச்சைப் புல். சுண்ணாம்பு மண்ணில் இரும்பை எடுக்கப் புல்லுக்கு வேறு வழி இருக்கிறது. வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு, இரும்பைக் கவ்விக்கொண்டு உள்ளே இழுத்துவிடும். இதை முத்தமிழ் வகுப்பில் நடத்துகிறாள். அப்பாவிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மாடு வேலியைத் தாண்டி வந்து அந்தப் புல்லை மேய்கிறது. முன்பெல்லாம் மாட்டின் நிழல் பட்டாலே கத்திக்கொண்டு ஓடும் வைத்தியலிங்கம், இப்போது கொல்லை வாசலில் நின்று அது மேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.